பேட்டரியை வீட்டில் சார்ஜ் செய்தபோது

மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, காரின் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' ஓசை மட்டுமே கேட்டது. பேட்டரியைக் கழற்றிப் படுக்கையறை மூலையில் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போடலாம் என்று தம்பி சொன்னான். நான் உறுதியாக மறுத்துவிட்டேன்.

காரில் இருக்கும் ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில் உள்ளிருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். அது காற்றில் 4 சதவீதம் கலந்துவிட்டாலே தீப்பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். ஆகவே சார்ஜரின் கிளிப்புகளை முனைகளில் பொருத்திய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைத் தொட வேண்டும். அவசரத்தில் பலரும் தவறவிடுவது இந்த வரிசையைத்தான், தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பேட்டரியைத் திறந்த வராந்தாவில் வைத்தோம். நேர்முனையில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தது. கையுறை அணிந்து, சமையல் சோடா கரைத்த நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்ததும் அது நுரைத்துக் கரைந்தது. 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி என்பதால், அதில் பத்தில் ஒரு பங்காகிய 3.5 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை ஏற்றவில்லை. தொட்டால் சுடுமளவு சூடானாலோ அழுகிய முட்டை வாடை வந்தாலோ உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அமிலம் கண்ணில் தெறித்தால், குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, அதாவது சார்ஜ் முழுதாக ஏறியிருந்தது.