சுவர் எந்த அறைக்குச் சொந்தம்? கட்டட ஆண்டாலஜி படித்த அனுபவம்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குக் கட்டடத் தகவலை லிங்க்டு டேட்டாவாக (ஒன்றோடொன்று இணைத்த, கணினி படிக்கும் தகவலாக) எழுதும் தலைப்பை எடுத்திருந்தால், புரோட்டெஜேயை (ஆண்டாலஜி, அதாவது பொருள் வகைகளையும் அவற்றின் உறவுகளையும் வகுக்கும் அகராதி, எழுதும் மென்பொருள்) இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் ஒரு வீட்டு பிளானை மேசையில் விரித்து வையுங்கள். திண்ணை, முற்றம், மாடிப்படி எல்லாம் உள்ள பழைய வீடாக இருந்தால் ரொம்ப நல்லது. காட்பாடியில் படித்த காலத்தில், வேலூர் சைதாப்பேட்டைப் பக்கத்து வீடு ஒன்றின் பிளானில்தான் நான் பழகினேன். மென்பொருள் கைக்குச் சீக்கிரம் வந்துவிடும். எந்தப் பாகத்துக்கு எந்தப் பாகத்தோடு என்ன உறவு என்று முடிவெடுப்பதில்தான் படிப்பே இருக்கிறது.

ஆரம்பத்துக்கு பாட் போதும். பில்டிங் டோபாலஜி ஆண்டாலஜி என்பதன் சுருக்கம் அது. இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி-யின் லிங்க்டு பில்டிங் டேட்டா குழு உருவாக்கியது. மொத்தம் 7 கிளாஸ்கள்தான், அதாவது வகைகள்: சோன் (ஏதேனும் ஒரு இடம்), அதன் கீழே சைட் (மனை), பில்டிங், ஸ்டோரி (தளம்), ஸ்பேஸ் (அறை போன்றது), தனியாக எலிமென்ட் (சுவர், குழாய் போன்ற பாகம்), இன்டர்ஃபேஸ் (இரண்டு சந்திக்கும் பரப்பு). வேண்டுமென்றே சிறியதாக வைத்திருக்கிறார்கள். சென்சார், விலை, கட்டுமானப் பொருள் எல்லாம் வேறு ஆண்டாலஜிகளிலிருந்து வந்து சேரும்.

இப்போது பிளானுக்கு வாருங்கள். ஒவ்வொரு எலிமென்ட்டையும் ஒவ்வொரு அறையோடு வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: உள்ளே இருக்கிறதா, எல்லையாக நிற்கிறதா, ஊடுருவிப் போகிறதா? கூடத்தில் இருக்கும் மர பீரோ உள்ளே இருக்கிறது, அது கன்டெய்ன்ஸ் எலிமென்ட். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவர் இரண்டுக்கும் எல்லை. இரண்டு அறையிலிருந்தும் அட்ஜசென்ட் எலிமென்ட் என்று எழுத வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து அறை வழியாக இறங்கும் குழாய்க்கு இன்டர்செக்டிங் எலிமென்ட். எதுவென்று தெரியாதபோது, மூன்றுக்கும் பொதுவான ஹாஸ் எலிமென்ட் இருக்கிறது. கட்டட மாடல்களைப் பரிமாறும் ஐஎஃப்சி கோப்பிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே கொஞ்சம் தடுமாறும். அங்கே சுவர் பெரும்பாலும் ஒரு மாடிக்குள் அடங்கியதாகத்தான் பதிவாகியிருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சுவரின் இரு பக்கமும் என்ன அறைகள் என்று சொல்ல முடியாது.

திண்ணைக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது, அது ஸ்பேஸ் ஆகுமா? ஆகும். சுவரால் மட்டுமல்ல, மனதளவில் வகுத்த எல்லையாலும் ஸ்பேஸ் அமையலாம் என்றுதான் விளக்கமே இருக்கிறது. மாடிப்படிக்கூடு இரண்டு தளங்களிலும் பாதி பாதி கிடக்கும். அதை ஒரே சோனாக வைத்து, இரண்டு தளங்களோடும் இன்டர்செக்ட்ஸ் சோன் கொடுங்கள்.

இன்டர்ஃபேஸைப் பலரும் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள். எனக்கு இந்த ஆண்டாலஜியிலேயே பிடித்தது அதுதான். நம்ம ஊர் மே மாத வெயிலில் மேற்குச் சுவர் சாயங்காலம் எப்படிக் கொதிக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரே சுவர் படுக்கையறை, பூஜையறை இரண்டையும் ஒட்டி ஓடுகிறது என்று வையுங்கள். படுக்கையறைக்குள் எவ்வளவு வெப்பம் வரும் என்று கணக்குப் போட, சுவரின் மொத்தப் பரப்பு உதவாது. அந்த அறையைத் தொடும் பரப்புதான் வேண்டும். அந்த எண்ணைச் சுவரிலும் எழுத முடியாது, அறையிலும் எழுத முடியாது. சுவரும் அறையும் சந்திக்கும் பரப்பை ஒரு இன்டர்ஃபேஸாக்கி அதில் எழுத வேண்டும். அறைக்கு ஒன்றாக இரண்டு இன்டர்ஃபேஸ்.

வைவாவில் என்னிடம் அதிக நேரம் ஓடியது ரீசனர் (எழுதிய உறவுகளிலிருந்து புதிய உறவுகளை ஊகிக்கும் நிரல்) பற்றிய கேள்விகள். கன்டெய்ன்ஸ் சோன் டிரான்சிட்டிவ்: கட்டடத்தில் தளம், தளத்தில் அறை என்றால் கட்டடத்தில் அறை என்று அதுவே முடிவெடுக்கும். அட்ஜசென்ட் சோன் சிமெட்ரிக் (இரு திசையிலும் பொருந்தும்) மட்டும்தான். கூடத்தை ஒட்டிச் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை என்பதால் கூடமும் குளியலறையும் பக்கத்துப் பக்கத்து அறைகள் ஆகிவிடாது. அப்புறம் முக்கியமான ஒன்று. ஆண்டாலஜி எழுதும் மொழியான ஆவுலில், எழுதப்படாத உறவு இல்லாத உறவு அல்ல, தெரியாத உறவு. ஒரு அறைக்குச் சுவரே எழுதாமல் விட்டாலும் ரீசனர் வாயைத் திறக்காது. ‘ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் ஒரு எல்லை எலிமென்ட்டாவது இருக்க வேண்டும்’ என்ற மாதிரிச் சோதனைக்கு, தரவைச் சரிபார்க்கும் மொழியான ஷாக்கல் கற்றுக்கொள்ளுங்கள். சுவரே இல்லாத இடங்களுக்கு விலக்கு கொடுக்க மறக்காதீர்கள்.

வீடு முடிந்ததும் வேலூர்க் கோட்டையை எடுங்கள், அதைவிட நல்ல பயிற்சி இங்கே கிடையாது. கோட்டை முழுவதும் ஒரு சைட். ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம் தனித்தனி பில்டிங். அகழிக்கென்று கிளாஸ் இல்லை, வெறும் சோனாக வையுங்கள். மதில் எலிமென்ட், அது அகழிக்கும் கோட்டைக்கும் பொதுவான எல்லை. கல்யாண மண்டபம் சுவரில்லாத ஸ்பேஸ். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயிலில் 1981-ல் மறுபடி லிங்கம் வந்தது. இப்படிக் காலத்தோடு மாறும் தகவலை பாட் தாங்காது, அதற்கு, காலத்துக்கான ஆண்டாலஜியான ஆவுல் டைம் போன்ற வேறொன்றை இணைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பாட் அளந்து கண்டுபிடிக்காது. நாம் எழுதினால்தான் உண்டு, அல்லது வடிவத் தரவிலிருந்து ஒரு நிரல் கணக்கிட்டுத் தர வேண்டும்.

மாடல் எழுதும் முன்பே, அதனிடம் கேட்கப்போகும் கேள்விகளைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். ‘அகழியை ஒட்டிய எலிமென்ட்டுகள் எவை?’, ‘மேற்கு வெயில் படும் அறைகள் எவை?’ என்று. ஒவ்வொன்றையும் வினவல் மொழியான ஸ்பார்க்கிலில் எழுதிப் பார்க்கும்போது, எந்த உறவு விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ரீசனர் ஓடாத ட்ரிபிள் ஸ்டோரில் (இந்த உறவுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தில்) சிமெட்ரிக் உறவு ஒரு பக்கம்தான் கிடைக்கும், எனவே கேள்வியை இரண்டு திசையிலும் எழுதுங்கள்.