தகுதிகாண் காலத்தில் பதவி விலகியதும் நிறுத்தப்பட்ட கடைசிச் சம்பளமும்

திருகோணமலை நகரிலுள்ள ஒரு விநியோக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு மாதத் தகுதிகாண் அடிப்படையில் சேர்ந்த நான், நான்காம் மாதத்தில் பதவி விலகினேன். நியமனக் கடிதத்தில் அறிவித்தல் பற்றி இரண்டு பந்திகள் இருந்தன. தகுதிகாண் காலத்தில் எத்தரப்பும் இரண்டு வார எழுத்துமூல அறிவித்தலுடன் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்றது ஒன்று. நிரந்தரமாக்கப்பட்டவர் ஒரு மாத அறிவித்தலோ அதற்கீடான சம்பளமோ தரவேண்டும் என்றது மற்றது. முதலாவதன்படி நடந்து, விலகல் கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பமும் திகதியும் வாங்கி, இரண்டு வாரமும் வேலை செய்து, கணினியையும் சாவிகளையும் ஒப்படைத்தே வெளியேறினேன்.

கடைசி மாதச் சம்பளம் வங்கிக்கு வரவில்லை. விசாரித்தபோது, "தம்பி, ஒரு மாச நோட்டீஸ் இல்லாமப் போனா எப்பிடிச் சம்பளம் தாறது?" என்றார் முகாமையாளர். நிரந்தர ஊழியருக்கான பந்தியையே அவர் எனக்கும் பொருத்தியிருந்தார். அது எனக்குப் பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும், அறிவித்தலில் குறைந்த நாட்களுக்கான ஈட்டுத்தொகை ஒரு கணக்கு, செய்து முடித்த வேலைக்கான சம்பளம் வேறொரு கணக்கு. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். சட்டம் அனுமதிக்காத கழிவுகளை முதலாளி தன் விருப்பப்படி செய்யவும் முடியாது. இதை எழுதி, நியமனக் கடிதத்தின் குறித்த பந்தியைச் சுட்டிக்காட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதிலாக, 'இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் கையொப்பமிட்டால் சேவைச் சான்றிதழ் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நான் கையொப்பமிடவில்லை.

சம்பளச் சீட்டுகளை அடுக்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது: ஒரு மாதத்துக்குக்கூட, ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக் (EPF) கழிவு இல்லை. தகுதிகாண் ஊழியருக்கு அது கிடையாது என்பது நம் ஊர்க் கடை முதலாளிகள் பலர் உண்மையாகவே நம்பும் கதை. ஆனால் முதல் நாளிலிருந்தே ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் அந்நிதிக்குச் சேரவேண்டும். இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கை நிதிக்கான (ETF) 3 வீதம் முதலாளியின் தனிப் பொறுப்பு. சேமலாபத் தொகையைக் கையில் காசாகத் தருவதாகவும் நிறுவனம் பேசிப் பார்த்தது. அது நிதியத்தில் என் கணக்கில் சேரவேண்டிய பணம் என்பதால் மறுத்துவிட்டேன்.

தொழில் நியாயசபைக்குப் போகும்படி நண்பர் ஒருவர் சொன்னார். அது பெரும்பாலும் முதலாளி வேலைநீக்கம் செய்தவர்கள், ஆறு மாதத்துக்குள் நிவாரணம் கேட்டுச் செல்லும் இடம். என்னுடையது சம்பளப் பாக்கி என்பதால் திருகோணமலையிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்தேன். நியமனக் கடிதம், திகதியிட்ட விலகல் கடிதப் பிரதி, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணைத்தேன். ஒரு பக்கக் காலவரிசையையும் எழுதிச் சேர்த்தது மிகவும் உதவியது. மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும் தொழில் அதிகாரி முதலில் வாசித்தது அதைத்தான்.

விசாரணைக்கு இரு தரப்பும் அழைக்கப்பட்டபோது, எனக்குப் பயிற்சி அளித்த செலவைப் பற்றி நிறுவனப் பிரதிநிதி நீண்ட நேரம் பேசினார். அதிகாரி அமைதியாகக் கேட்டுவிட்டு, வரவுப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் காட்டச் சொன்னார். கடைசி நாள் வரை நான் வேலை செய்திருப்பது அவர்களுடைய பதிவேட்டிலேயே இருந்ததால், பயிற்சிச் செலவுப் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த தவணைக்கு முன்னரே சம்பளப் பாக்கி முழுவதும் வங்கியில் வைப்பிலிடப்பட்டது. சேமலாப நிதி நிலுவையைத் தாமதத்துக்கான மிகைக் கட்டணத்துடன் நிதியத்துக்குச் செலுத்திய பற்றுச்சீட்டின் பிரதி பின்னர்தான் வந்தது. அதில் என் தேசிய அடையாள அட்டை இலக்கம் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே, முறைப்பாட்டை முடித்துக்கொள்ளச் சம்மதித்து எழுதிக் கொடுத்தேன்.