ஒளி வேலை பார்த்த பெண்

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு செவ்வாய்ப் பயணத்தை உருவாக்கினார்கள். வகுப்பறைக்குள்ளேயே நடத்துகிற பாவனைப் பயணம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் விண்கலத்தில், பாதிப் பேர் பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் என்று பிரிந்து உட்கார்ந்து 90 நிமிடம் அதை ஓட்ட வேண்டும். போன வாரம் நடத்தி முடித்தோம். நடந்ததில் ஒரு மூன்று நிமிடம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த யோசனை புதிது கிடையாது. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது நொடியில் சிதறியதே, அதில் இறந்த ஏழு பேரில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் ஒருவர். அந்த ஏழு பேரின் குடும்பங்கள் சேர்ந்து அதே ஆண்டில் தொடங்கிய அமைப்புதான் சேலஞ்சர் சென்டர். ஒரு அறை விண்கலம், இன்னொரு அறை கட்டுப்பாட்டு மையம் என்று பிள்ளைகளை உட்காரவைத்து அறிவியல் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அங்கே போகிற பிள்ளை, பெரியவர்கள் தயாரித்து வைத்த பயணத்தில் ஏறி இறங்கிவிடும். பயணத்தைத் தயாரிக்கிற வேலையையே பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குப் பல வருட ஆசை.

முதல் இரண்டு வாரம் அலங்காரத்திலேயே போனது. ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட், ஸ்பீக்கரில் ஓயாத ஒரு மோட்டார் சத்தம், அட்டைப்பெட்டியில் சுவிட்ச் பலகை, சிவப்புக் காகிதம் ஒட்டிய விளக்கு. நான் தடுக்கவில்லை. அந்த இருட்டும் சத்தமும் வேண்டியதுதான், அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. ஆனால் அது ஐந்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். ஆறாவது நிமிடம் உள்ளே இருப்பவனுக்குச் செய்ய ஒரு வேலை இல்லையென்றால் விண்கலம் மறுபடி வகுப்பறை ஆகிவிடும்.

வேலை என்றால் கோளாறு. அதைத் தயாரிக்க ஐந்து பேர் கொண்ட ஒரு அணி இருந்தது, நாங்கள் கோளாறு அணி என்றே கூப்பிட்டோம். அவர்கள் கொண்டுவந்த முதல் கோளாறு, விண்கல் ஒன்று வந்து மோதி எல்லாம் வெடித்துச் சிதறுவது. "சரி, மோதிடுச்சு. உள்ளே இருக்கிற பிள்ளைங்க இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டாவது, கம்ப்யூட்டர் மொத்தமாக நின்றுபோவது. அதற்கும் அதே கேள்வி, அதே மௌனம்.

அப்போதுதான் அப்போலோ 11 கதையைச் சொன்னேன். நாசாவில் சிமுலேஷன் சூப்பர்வைசர் என்று ஒரு பதவி. நிஜப் பயணத்துக்கு முன்னால் கட்டுப்பாட்டு அறைக்குப் பயிற்சி கொடுக்கும்போது, எந்த நேரத்தில் எந்தக் கோளாறைப் போடலாம் என்று முடிவு செய்கிறவர். 1969 ஜூலையில், நிலவில் இறங்குவதற்குச் சில நாள் முன்பு நடந்த ஒரு பயிற்சியில், அந்தப் பொறுப்பிலிருந்த டிக் கூஸ் கணினியில் ஒரு விசித்திரமான எச்சரிக்கை எண்ணை வரவைத்தார். வழிகாட்டல் அதிகாரி ஸ்டீவ் பேல்ஸுக்கு அது என்னவென்று தெரியவில்லை, தரையிறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். பயிற்சி முடிந்ததும், கைவிட்டிருக்க வேண்டியதில்லை, தொடர்ந்திருக்கலாம் என்று தெரிந்தது. அதன் பிறகு ஜாக் கார்மன் என்ற இளம் பொறியாளர் எச்சரிக்கை எண்கள் எல்லாவற்றையும், எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்தார். ஜூலை 20 அன்று நிலவை நோக்கி நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்ற எச்சரிக்கை வந்தது. தாள் கையில் இருந்தது. சில நொடிகளில், தொடரலாம் என்று பதில் போனது.

கதை முடிந்ததும் கோளாறு அணியில் ஒரு பையன் கேட்டான்: "அப்ப கோளாறு போடுறவருக்கு முதல்லயே விடை தெரிஞ்சிருக்கணும், இல்லையா மிஸ்?" அவ்வளவுதான், அந்தக் கேள்வியோடு அந்த அணியின் வேலையே மாறிவிட்டது. கோளாறு என்றால் ஒரு எண் மெதுவாக நகர வேண்டும். அது நகர்வதை ஒருத்தர் கவனிக்கிற மாதிரி இருக்க வேண்டும். தவறாகப் புரிந்துகொள்ளவும் வழி இருக்க வேண்டும், சரியாகப் புரிந்துகொள்ளவும் தடயம் இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் பாடம் தெரியாமல் ஒரு வரி கூட நகராது.

அவர்கள் கடைசியில் எடுத்துக்கொண்டது மூச்சுக்காற்று. எல்லோரையும் போல முதலில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் என்றுதான் தொடங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். நாலு பேர் 20 கன மீட்டர் அறையில் அடைபட்டு, காற்றைச் சுத்தம் செய்யும் கருவியும் நின்றுவிட்டால்? பிள்ளைகள் போட்ட கணக்குப்படி ஏழு மணி நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 17-க்குத்தான் இறங்கியிருக்கும், ஆனால் கரியமில வாயு 3 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். தலைவலியும் மூச்சிரைப்பும் வரும் அளவு அது. ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருக்கும்போதே ஆள் திணறுவான் என்பதை அவர்கள் கரும்பலகையில் தாங்களே கண்டுபிடித்த அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13-ல் பிளாஸ்டிக் பையையும் ஒட்டுநாடாவையும் வைத்துச் சதுர வடிகட்டியை வட்டத் துளையில் பொருத்தப் பாடுபட்டதும் இதே கரியமில வாயுவுக்காகத்தான் என்று அப்புறம் சொன்னேன்.

ஆக, கோளாறு இதுதான்: சுத்திகரிப்புக் கருவியின் விசிறிக்கு மின்சாரம் குறைந்து, அது மெதுவாகச் சுற்றுகிறது. எச்சரிக்கை விளக்கில் "காற்று" என்று மட்டும் எரியும். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் குறைகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதல் ஒத்திகை சரியாக வரவில்லை. எல்லா எண்களும் ஒரே திரையில் இருந்ததால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டது, மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எண்களைப் பிரித்தோம். வாயு அளவு ஒருவருக்கு, மின்னோட்டம் இன்னொருவருக்கு, வெப்பநிலை மூன்றாமவருக்கு, கையேடு பூமியில். யாரும் யாருடைய தாளையும் எட்டிப் பார்க்கக் கூடாது, வாயால் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு மாற்றத்தில் அறையே உயிர் பெற்றது.

இனி அந்த ஒளி. விண்கலமும் பூமியும் பேசிக்கொள்ள லேப்டாப்பில் சாட் வைக்கலாம் என்று ஏற்பாடு. அதுவரை அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்து, "மிஸ், செவ்வாய்ல இருந்து உடனே எப்படிப் பதில் வரும்?" என்றாள். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், மிகத் தொலைவில் 40 கோடி. ஒளி ஒரு நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது, ரேடியோ அலையும் அதே வேகம்தான். அப்படியானால் செய்தி ஒருவழியில் போய்ச்சேரவே குறைந்தது 3 நிமிடம், அதிகபட்சம் 22. 22 வைத்தால் 90 நிமிடத்தில் இரண்டு கேள்விக்கு மேல் கேட்க முடியாது. 3 என்று வைத்துக்கொண்டோம்.

சாட்டை எடுத்துவிட்டு அவளையே அந்த வேலைக்குப் போட்டோம். இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் நடைவழியில் ஒரு மேசை, கையில் ஸ்டாப்வாட்ச். யார் எழுதின துண்டுச்சீட்டானாலும் அவளிடம் வர வேண்டும். அவள் படிப்பாள், நேரம் குறிப்பாள், சரியாக 3 நிமிடம் வைத்திருந்து மறுபக்கம் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு வார்த்தை பேசக் கூடாது, முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. அவளுக்குப் பெயர் ஒளி. சட்டையில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தாள்.

கேள்விக்குப் பதில் வர 6 நிமிடம் என்றானதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற விதமே மாறிப்போனதைக் கண்ணால் பார்த்தேன். "என்ன செய்வது?" என்று முதல் சீட்டு. 6 நிமிடம் கழித்து, "என்ன ஆச்சு?" என்று பதில். வீணாய்ப் போன அந்த 6 நிமிடம் அவர்களுக்கு உறைத்துவிட்டது. மூன்றாவது சீட்டிலிருந்து, "வாயு 0.9, பத்து நிமிடம் முன்பு 0.6. மின்னோட்டம் தெரிய வேண்டுமா? இப்போது 1.1, காலையில் 2" என்று கேட்கப்போகிற கேள்விக்கும் சேர்த்துப் பதில் எழுத ஆரம்பித்தார்கள். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தெளிவாக எழுதி எந்த மொழிப் பாடத்திலும் அவர்களை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அது நடந்தது. 11:14-க்கு விண்கலத்திலிருந்து ஒரு சீட்டு: "ஆக்சிஜன் குறைகிறது என்று நினைக்கிறோம். இருப்புத் தொட்டி வால்வைத் திறந்துவிட்டோம்." 11:15-க்குப் பூமியிலிருந்து ஒரு சீட்டு: "ஆக்சிஜன் வால்வைத் தொடாதீர்கள். விசிறியைப் பாருங்கள்." இரண்டும் அவள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டு அறையிலும் யாருக்கும் தெரியாத விஷயம் அந்த நடைவழியில் நிற்கிற ஒருத்திக்குத் தெரியும். கலத்துக்குள் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது, கட்டுப்பாட்டு அறையில் நல்ல நேரத்தில் சொல்லிவிட்டோம் என்று கை தட்டுகிறார்கள், அவள் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள், நான் தலையசைக்கவில்லை. 11:17 ஆனதும் நடந்துபோய் விண்கலத்தின் சீட்டைப் பூமியிடம் கொடுத்தாள், 11:18-க்குப் பூமியின் சீட்டை விண்கலத்திடம்.

அவர்கள் தப்பித்தார்கள். மிச்சமிருந்த ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது, விசிறியை வேறு மின்தடத்துக்கு மாற்றினார்கள், வாயு இறங்கியது. கோளாறு அணி அந்த இடைவெளியைத் தெரிந்தேதான் விட்டுவைத்திருந்தது.

முடிந்த பிறகு அரை மணி நேரம் பேசினோம். யார் எந்த நிமிடத்தில் எதை நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்று சீட்டுகளை நேர வரிசையில் தரையில் பரப்பிப் பார்த்தோம். பயணத்தைவிட இந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, இதற்கு நேரம் ஒதுக்க முடியாதென்றால் பயணத்தையே நடத்த வேண்டாம் என்பேன். வால்வைத் திறந்த பையன் 11:15 சீட்டை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா," என்றான். "ஒளியால அதுக்கு மேல வேகமாப் போக முடியாதுடா," என்றாள் அவள்.

நேற்று ஒரு நோட்டோடு வந்து நின்றாள். 90 நிமிடம் முழுக்க அதே 3 நிமிடம் வைத்தது தப்பாம், கதைப்படி பயணம் பல மாதம், கலம் போகப் போகத் தூரம் மாறுமே, தாமதமும் மாற வேண்டாமா என்கிறாள். கிளம்பும்போது சில நொடி, நடுவில் ஒரு நிமிடம், கடைசியில் எவ்வளவு என்று தேதிவாரியாக அட்டவணை போட வேண்டுமாம். அதற்கு இரண்டு கோள்களும் எந்தத் தேதியில் எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டும். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு அது. புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.