இலை பச்சையாக இருக்கும்போதே

லண்டனில் இருக்கும் அக்கா வீடியோ காலில் தோட்டம் காட்டினாள். ஸ்னோடிராப் (குளிர் நாடுகளில் கிழங்கிலிருந்து முளைக்கும் சின்ன வெள்ளைப் பூச்செடி) பூத்து ஓய்ந்துவிட்டது, இலை மட்டும் இன்னும் பச்சை. கொத்தைத் தோண்டிப் பிரிக்க இதுதான் நேரமாம். கிழங்கு காய்ந்தால் பிழைப்பது கஷ்டம், அதனால் உடனே நட்டுவிடுகிறாள், தண்டின் வெள்ளைப் பகுதி மண்ணுக்குள் போகும் அளவு ஆழத்தில்.

எனக்கும் கை பரபரவென்றது. மாம்பலத்து மொட்டைமாடியில் குளிருக்கு எங்கே போவது? சரி என்று, தொட்டியில் நெருக்கியடித்துக் கிடந்த மழை லில்லியைக் கவிழ்த்தேன். நாற்பது கிழங்குக்கு மேல்! பார்க்கச் சின்ன வெங்காயம்தான், ஆனால் விஷம். சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள் (அம்மா ஏற்கெனவே ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள்). இரண்டு அங்குல இடைவெளியில் நட்டதுபோக ஒரு பை மிச்சம். பக்கத்தில் இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.