யாழினிக்கு நடுவில் ஒரு கோடு வேண்டாம்

என் சித்தி மகளுக்குத் தை மாதம் பிரசவம். பெண் பிறந்தால் யாழினி என்று வைக்க வேண்டும் என்பது அவளுக்கும் அவள் கணவருக்கும் கல்யாணமான புதிதிலிருந்தே இருக்கும் ஆசை. இப்போது அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே இரண்டு யாழினி ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அலுவலக நண்பர் வீட்டில் இன்னொன்று. பெயரை விடவும் மனசில்லை, கூட்டத்தில் ஒன்றாகப் போய்விடுமோ என்ற கவலையும் இருக்கிறது. அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது யாழ் என்பதற்கும் இனி என்பதற்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். "அக்கா, ஹைஃபன் போட்டா தனியாத் தெரியும்ல?" என்று கேட்டாள்.

தெரியாது. போனில் அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கோடு போடுவது, எண் கணிதம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டுவது என்று பெயர் வைக்கும் வீடுகளில் எல்லாம் இப்போது இந்தப் பேச்சு ஓடுகிறது.

சாயங்காலம் விளையாடுகிற பிள்ளையை மேலிருந்து "யாழினீ, மேல வா" என்று கூப்பிட்டால் மூன்று தலையும் நிமிரும். கோடு வாயில் வராது, காதில் விழாது. வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் படிக்கும் ஆசிரியருக்கும் அப்படித்தான். பெயர் என்பது பெரும்பாலும் கூப்பிடுவதற்கு, எழுதுவதற்குக் கொஞ்சமாக. அந்தக் கொஞ்சத்திலும் இந்தக் கோடு எல்லா இடத்திலும் நிலைக்காது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு வரியிலும் 44 இடம். விமான நிலையத்தில் கருவி படிப்பது அதைத்தான். உலகம் முழுக்க ஒரே விதிப்படி அச்சாகும் அந்த வரிகளில் ஆங்கில எழுத்து, எண், அப்புறம் நிரப்புவதற்கு ஓர் அம்புக்குறி மாதிரி அடையாளம், இவ்வளவுதான் வரலாம். பெயரில் ஹைஃபன் இருந்தால் அந்த இடத்தில் இந்த நிரப்புக் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பெயருக்கு நடுவில் இடைவெளி விட்டாலும் அதே குறிதான் வரும். ஆக, நீங்கள் ஆசையாகப் போட்ட கோட்டைக் கருவி இடைவெளியாகவே படிக்கும். குழந்தைக்கு யாழ் என்று ஒரு பெயர், இனி என்று இன்னொரு பெயர். வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போனால் முதல் துண்டைத்தான் பெயர் என்று எடுத்துக்கொண்டு அவளை யாழ் என்றே கூப்பிடுவார்கள். விமான டிக்கெட்டில் பெரும்பாலும் கோடு வராது, இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு யாழினி என்றே அச்சாகும், அல்லது இடைவெளியோடு வரும். பல இணையப் படிவங்கள் பெயர்க் கட்டத்தில் எழுத்தையும் இடைவெளியையும் தவிர வேறு எதையும் வாங்குவதே இல்லை, சிவப்பில் பிழை காட்டி நிற்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி என்று ஆகிவிட்டால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வேலை பின்னாளில் அந்தப் பிள்ளை தலையில் விழும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம். கெஜட்டில் போட்டு மாற்றலாம்தான், ஆனால் ஒரு கோட்டுக்காகவா?

முன்பாவது பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துச் சமாளிக்கலாம் என்று இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை அந்த ஒரு தாளே அடிப்படை. அதில் என்ன எழுதுகிறோமோ அதுதான் கடைசிவரை கூட வரும்.

ஹைஃபனே கெட்டது என்று நான் சொல்லவில்லை. பிரான்ஸில் ழான்-பியேர், ழான்-க்ளோத் என்ற பெயர்களில் கோட்டுக்கு ஒரு வேலை உண்டு. கோடு இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயர், இல்லையென்றால் முதல் பெயர் ஒன்று, இரண்டாம் பெயர் ஒன்று. கொரியர்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு அசையையும் பிரித்துக் காட்டக் கோடு போடுவார்கள், ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பான் கி-மூன் பெயரில் பார்க்கலாம். இங்கிலாந்தில் லில்லி-மே, ஏவா-ரோஸ் என்று இரண்டு முழுப் பெயரைக் கோட்டால் சேர்ப்பது பெரிய வழக்கமாகி, அந்த மாதிரிப் பெயர்களே இப்போது அங்கே சாதாரணமாகிவிட்டன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை வெளியிடும் பிரபலமான குழந்தைப் பெயர்களின் பட்டியலில் கோட்டையும் இடைவெளியையும் நீக்கிவிட்டுத்தான் எண்ணுகிறார்கள், ஜூலி-ஆன் என்று வைத்தாலும் ஜூலிஆன் என்று வைத்தாலும் ஒரே கணக்கு. இங்கெல்லாம் இரண்டு பெயரைச் சேர்க்கத்தான் கோடு, அல்லது உச்சரிப்புக்கு உதவ. ஏற்கெனவே முழுசாக இருக்கும் ஒரு பெயரை நடுவில் பிளந்துபோட யாழினிக்கு என்ன தேவை?

நம் ஊரில் இந்தப் பிரச்சினை புதிதும் இல்லை. என் பாட்டி காலத்தில் தெருவுக்கு நாலு லட்சுமி. மாடிவீட்டு லட்சுமி, டீச்சர் லட்சுமி, கிணத்தடி லட்சுமி என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. நான் படித்த வகுப்பில் பிரியாக்கள் நிறைய. எம்.பிரியா, ஆர்.பிரியா, கே.பிரியா. இனிஷியலே முழுப் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் நாங்கள் ஒருத்தியை "ஆர்.பி." என்றுதான் கூப்பிடுகிறோம். தனித்துக் காட்டுவதற்கு இனிஷியல் என்ற ஒன்று நம்மிடம் தயாராகவே இருக்கிறது, அதற்கு மேல் ஒரு கோடு வேண்டியதில்லை.

அந்தப் பிரியா காலத்திலேயே கொஞ்சம் வித்தியாசமாக வைக்க நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குலசாமி பெயரையோ தாத்தா பெயரையோ முன்னால் சேர்த்தார்கள். சண்முகப்பிரியா, கிருஷ்ணப்பிரியா, விஷ்ணுப்பிரியா. முருகன்கள் பெருகியபோது பாலமுருகன், வேல்முருகன், செல்வமுருகன் வந்தார்கள். கோடும் இல்லை, இடைவெளியும் இல்லை, ஆனால் கூப்பிடும்போதே வேறு ஆள் என்று தெரியும். அதற்கும் முன்னால் ஊர்ச்சாமி பெயர் வைத்த காலத்தில் பெயரைக் கேட்டாலே பூர்வீகத்தை ஊகித்துவிடலாம். தாணுமாலயன் என்றால் சுசீந்திரம் பக்கம், நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி, கோமதி என்றால் சங்கரன்கோவில், அபிராமி என்றால் திருக்கடையூர். எனக்கு இந்தப் பெயர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. இன்றைக்கு ஒரு கைக்குழந்தைக்குக் காந்திமதி என்று வைத்தால் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள், அதிலும் "காந்தி" என்று செல்லமாகக் கூப்பிட எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதனால் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். யாழினி பிடித்திருக்கிறது என்றால் யாழினி என்றே வை. நிறையப் பேர் வைக்கிறார்கள் என்பதால் அந்தப் பெயரின் அழகு குறைந்துவிடாது, அத்தனை பேருக்கும் பிடித்ததால்தானே வைக்கிறார்கள். மூன்று யாழினி ஒன்றாக விளையாடினால் அவர்களே தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. இல்லை, வித்தியாசமாகத்தான் வேண்டும் என்றால் வாயில் வித்தியாசமாக வரும் பெயராக வை. யாழ்மொழி இருக்கிறது, யாழிசை, யாழரசி, யாழ்நங்கை இருக்கிறது. அவளுக்கு யாழ்மொழி பிடித்துவிட்டது. மாப்பிள்ளை இன்னும் யாழினி பக்கம்தான், மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறார். கேட்கட்டும், அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரை அப்போதே தர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, 12 மாதம் வரை கட்டணம் இல்லாமலே சேர்க்கலாம்.

எதை முடிவு செய்தாலும் ஆங்கில எழுத்தைப் பதிவு நாளுக்கு முன்னாலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ழ' வரும் பெயர் என்பதால் இது இன்னும் முக்கியம், இசட்-எச் போடுவதா வெறும் எல் போடுவதா என்று கவுண்டரில் நின்றுகொண்டு முடிவெடுக்கக் கூடாது. தமிழில் என்ன, ஆங்கிலத்தில் என்ன, அப்பா பெயர் சுருக்கமாகவா முழுசாகவா (பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும்) எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள், தப்பு இருந்தால் அன்றைக்கே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.