கிணத்துத் தண்ணியில் மசாலாத் தேத்தண்ணியும் மொக்காக் கோப்பியும்

தேத்தண்ணி சரிவராவிட்டால் முதலில் தேயிலைக்குத்தான் ஏச்சு விழும், பிறகு பாலுக்கு. கிணறு எப்போதும் தப்பிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். மழைத்தண்ணி அதற்குள் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் கிணத்துக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தோமே, அதுதான். கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிப்பதும், பால் விடாத பிளேன்ரீ ஆற ஆற மேலே எண்ணெய்போல மினுங்கிக் கோப்பை விளிம்பில் பழுப்பு வளையமாக ஒட்டுவதும் இதனால்தான். இந்தத் தண்ணியில் சாயம் கறுக்கும், மணம் எழும்பாது. பிளேன்ரீயில் நாலு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த ஆடை மறையும், பால்தேத்தண்ணியில் அந்த வழி இல்லை.

இரவே தண்ணியைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து மூடி வையுங்கோ. காலையில் அடி கலங்காமல் மேல் தண்ணியை மட்டும் வார்த்து எடுத்தால் சுண்ணாம்பில் பெரும் பங்கு அடியில் தங்கிவிடும். உவர்க் கிணறு என்றால் இது உதவாது, கொதிக்கக் கொதிக்க உப்பு கூடத்தான் செய்யும். அதற்கு ஆர்.ஓ. தண்ணி, அதாவது நுண்சவ்வால் வடித்து உப்பு நீக்கிய தண்ணி, வேணும். தனி ஆர்.ஓ. தண்ணி வாயில் சப்பென்று இருக்கும், கோப்பி இன்னும் மோசம். மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணிக்கு ஒரு பங்கு கொதித்துத் தெளிந்த நல்ல கிணத்துத் தண்ணி கலந்தால் இரண்டுக்குமே பொருந்தும்.

மசாலாத் தேத்தண்ணிக்குத் தாழ்நாட்டுத் தேயிலைதான் சரி. ருகுணு, சப்ரகமுவப் பக்கத்துத் தேயிலைக்குச் சாயமும் கனமும் உண்டு, பாலுக்கும் கராம்புக்கும் ஈடுகொடுக்கும். நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய மணம் முதல் கராம்போடு செத்துவிடும், அதைப் பிளேன்ரீக்கு வையுங்கோ. தூள் பி.ஓ.பி.எஃப். (பொடியாக உடைந்த இலைத் தரம்) அல்லது டஸ்ட் (அதைவிட நைசான தூள்) ஆக இருக்கட்டும். பெரிய இலையில் சாயம் இறங்குமுன் பால் வற்றிவிடும்.

இரண்டு பேருக்குத் தண்ணி 250 மி.லீ., பால் 150 மி.லீ. இஞ்சி பெருவிரல் நகமளவு, ஐந்து கிராம் வரும், தட்டிப் போடவேணும். கறுவா இரண்டு அங்குலத் துண்டு, மிளகு நாலு, கராம்பு ஒன்றே ஒன்று. இரண்டாவது கராம்பு போட்டால் பல்லு வைத்தியரிடம் போன வாசம் வரும். ஏலக்காய் மூன்று, தோலோடு நசித்து, தனியே எடுத்து வையுங்கோ. ஏலம் தவிர்ந்த எல்லாவற்றையும் தண்ணியில் போட்டு, மூடி, சிறு நெருப்பில் ஐந்து நிமிடம். பிறகு தூள் இரண்டு தேக்கரண்டி, இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதன்பின் பால். பால் ஒருமுறை பொங்கி எழும்பும்போது அடுப்பை நிறுத்தி, ஏலத்தைப் போட்டு மூடி ஒரு நிமிடம் விட்டு வடியுங்கோ. ஏலத்தின் மணம் ஆவியோடு ஓடிப்போகிற மணம். முதலிலேயே போட்டால் குசினி மணக்கும், கோப்பை மணக்காது.

கறுவாவைத் தூளாக்கிப் போடக்கூடாது. சூட்டுத் தண்ணியில் அந்தத் தூள் வழுவழுவென்று இளகி, வடியையும் அடைக்கும். எங்கள் கறுவா சுருட்டுப்போல மெல்லிய அடுக்கடுக்காக இருக்கும், விரலால் ஒடியும். தடித்த ஒற்றைப் பட்டை என்றால் அது கசியா. காரம் கூட, இனிப்பு மணம் குறைவு.

இஞ்சி போட்டால் பால் திரைகிறது என்று பலர் இஞ்சியையே விட்டுவிட்டார்கள். பச்சை இஞ்சியில் பால் புரதத்தை வெட்டுகிற நொதி ஒன்று இருக்கிறது. அறுபது, எழுபது பாகைச் சூட்டில்தான் அது மும்முரமாக வேலை செய்யும். சீனாவின் குவாங்டொங் பக்கத்தில் சூட்டுப் பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி, இதே திரைச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். கொதித்தால் நொதி அழிந்துவிடும். ஆகவே இஞ்சி தண்ணியில் நாலைந்து நிமிடமாவது கொதித்த பிறகுதான் பால் முகம் பார்க்கவேணும். வேர்க்கொம்பில் (சுக்கில்) இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் காயும்போது காரம் ஏறுவதால் அளவைப் பாதியாக்குங்கோ.

பனங்கட்டியும் பாலைத் திரைக்கும். காய்ச்சுகிற கருப்பணி, அதாவது பதநீர், கொஞ்சம் புளித்திருந்தாலும் அந்தப் புளிப்பு கட்டிக்குள் இருக்கும், கொதிக்கிற பாலில் போட்டால் காட்டிக்கொடுக்கும். குட்டானை (ஓலைப் பெட்டியில் வார்த்த பனங்கட்டியை) உடைத்து ஒரு துண்டு கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பதுதான் அதற்கு வழி, ருசியும் அதில்தான். ரின்பால் (ரின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால்) போடுவதென்றால் சட்டியில் விடாமல் கோப்பையில் ஒன்றரை மேசைக்கரண்டி விட்டு, மேலே சாயத்தை வடியுங்கோ. சீனி தேவைப்படாது.

இனிக் கோப்பி. எஸ்பிரெசோ, அதாவது சூட்டுத் தண்ணியை அழுத்தித் தூளுக்குள்ளால் தள்ளி எடுக்கிற கடுங்கோப்பி, என்றால் ஒன்பது பார் (ஒரு பார் ஏறக்குறையச் சாதாரணக் காற்றழுத்தம்) அழுத்தம் வேணும், அது பம்ப் உள்ள இயந்திரத்தின் வேலை. அல்போன்சோ பியாலெத்தி 1933இல் இத்தாலியில் கொண்டுவந்த மொக்காப் பொட், கீழறைத் தண்ணி ஆவியின் அழுத்தத்தில் தூளுக்குள்ளால் மேலறைக்கு ஏறுகிற அடுப்புப் பாத்திரம். அதன் அழுத்தம் இரண்டு பாருக்கு மேல் போகாது. மேலே எஸ்பிரெசோவின் பொன்னிற நுரை வராது, ஆனால் பாலோடு கலக்க அதன் கடுமை தாராளம். வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி.

மூன்று கோப்பைப் பொட்டுக்கு பதினைந்து, பதினாறு கிராம் கோப்பித்தூள், நன்றாகச் சுட்ட தண்ணி 150 மி.லீ. அளவில். பக்கத்திலுள்ள வால்வுக்குக் கீழே தண்ணி நிற்கவேணும். பச்சைத்தண்ணி விட்டால் அது சுடும்வரை தூளும் கூடவே வெந்து கசக்கும். வடியில் தூளைத் தளதளவென்று நிரப்பி விரலால் மட்டம் தட்டுங்கோ, அமத்த வேண்டாம். விளிம்பிலுள்ள தூளைத் துடைத்து, துணியால் பிடித்து இறுகப் பூட்டுங்கோ. காஸ் அடுப்பில் சின்னப் பொட் கம்பிக்கிடையில் சரியும், மேலே ஒரு தகரத் தட்டு வைத்தால் நிற்கும். நெருப்பு அடியைத் தாண்டி வெளியே வந்தால் கைபிடி உருகும். மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கோ: கறுப்பாக, தேன்போல் வடியும்; பிறகு நிறம் வெளிறும்; பிறகு துப்பத் தொடங்கும். வெளிறும்போதே இறக்கி, அடியை ஈரத்துணியில் வைத்துவிடவேணும். துப்பி முடியும்வரை விட்டால் எரிந்த கசப்பு.

தூளின் பருமன் மேசை உப்புப்போல. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்த நம்மூர்க் கோப்பித்தூளை இதில் போடவே கூடாது. மாவுபோன்ற அந்தத் தூள் வடியை அடைக்கும். மேலே ஒன்றும் வராது, வால்வு சீறும். அது கொதிதண்ணியில் போட்டு அடைய விட்டு வடிக்கிற கோப்பி, அங்கேயே இருக்கட்டும். பொட்டுக்குத் தனிக் கோப்பிக்கொட்டை வாங்குங்கோ. 1869இல் துருநோய் வந்து அழிக்கும்வரை மலைநாடு கோப்பி நாடுதான். இப்போது மலைநாட்டு அரபிக்கா இனக் கோப்பி திரும்பவும் கிடைக்கிறது. வறுத்து ஒரு கிழமை கழித்து, ஐந்தாறு கிழமைக்குள் முடித்துவிடுங்கோ.

பால் நுரைக்கு 60–65 பாகை. கைபொறுக்காத சூடு வந்ததும் நிறுத்தவேணும். எழுபதைத் தாண்டினால் வெந்த மணம் வரும், நுரையும் குலையும். பால்மா என்றால் முப்பது கிராமைக் கொஞ்சம் பச்சைத்தண்ணியில் கட்டியில்லாமல் குழைத்து, 200 மி.லீ. ஆக்கிக் குளிரவிடுங்கோ. ஒரு போத்தலில் மூன்றிலொரு பங்கு மட்டும் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, பிறகு சூடாக்கலாம். சூட்டுப் பாலைப் போத்தலில் அடைத்துக் குலுக்காதேயுங்கோ, மூடி பறக்கும். நாற்பது மி.லீ. கோப்பிக்கு 130 மி.லீ. பால், லாட்டே என்கிற பால்கோப்பிக்கு அளவு.

மசாலாத் தேத்தண்ணிக்குள் கோப்பியை விட்டு டேர்ட்டி சாய் செய்வதென்றால் தேயிலைத்தூளைப் பாதியாக்கி, ஒரு நிமிடம் மட்டும் கொதிக்கவிடுங்கோ. இரண்டு கசப்பும் சேரும் இடம் அது. மிளகும் கராம்பும் வேண்டாம். 150 மி.லீ. தேத்தண்ணிக்கு நாற்பது மி.லீ. கோப்பி. மசாலாவைக் கோப்பித்தூளோடு வடிக்குள் போடுகிற யோசனை வந்தால் கைவிடுங்கோ, மறுபடி அடைப்புத்தான்.

எஸ்பிரெசோ இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு: 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 விநாடிக்குள். விரைவாக ஓடிப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கோ, இழுத்து இழுத்து வந்து கசந்தால் கொஞ்சம் பருமனாக. பெட்டியில் 15 பார், 20 பார் என்று போட்டிருப்பது பம்பின் உச்சம், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிணத்துத் தண்ணியை நேரே விட்டால் உள்ளே சுண்ணாம்பு படிந்து கொதிகலன் கெட்டுவிடும்.

மொக்காப் பொட்டிலும் அதே சுண்ணாம்பு வால்வை அடைக்கும், அது விளையாட்டில்லை. வால்வின் நடுவில் ஊசி தெரிந்தால் தள்ளிப்பாருங்கோ, அசையவேணும். அசையாவிட்டால் வினாகிரியும் தண்ணியும் சமபங்கு விட்டு அரைமணித்தியாலம் ஊறவைத்துக் கழுவி, பிறகு வரும் முதல் கோப்பியைக் குடிக்காமல் வெளியே ஊற்றிவிடுங்கோ. அதற்கும் அசையாத வால்வோடு அடுப்பில் வைக்கவேண்டாம். பக்கத்தால் ஆவி கசிந்தால் றப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும், மாற்றவேணும். சாம்பலும் பொச்சும் கிட்டப் போகக்கூடாது, அலுமினியம் கறுத்துவிடும். கழுவியதும் மூன்று துண்டையும் பூட்டாமல் காயவிடுங்கோ.