முசிறிக்குப் போன மது வியாபாரி: ஓட்டுச் சில்லுகளில் எழுதியது

ரோமச் சக்கரவர்த்தி வெஸ்பாசியனின் 5-ஆம் ஆண்டு, எபீஃபி மாதம் 2, எகிப்து, கொப்டோஸ்

நைல் படகிலிருந்து சாடிகளை இறக்கி ஒட்டகங்களில் ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இனி செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகம் வரை பாலைவனம். 12 நாள் வழி, வெயிலுக்குப் பயந்து இராத்திரியில்தான் நடை, பகலெல்லாம் கிணறு இருக்கிற தங்குமிடத்தில் சுருண்டு கிடக்க வேண்டும்.

கேட்பவர்களுக்கு நான் மது வியாபாரி. மதுவும் என்னுடையதில்லை, முதலும் என்னுடையதில்லை. அலெக்சாந்திரியாவில் கப்பல்களுக்குக் கடன் கொடுக்கும் பெரிய கை ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம், எல்லாம் அவர் பணம். சேரனின் முசிறித் துறையில் மிளகு உண்மையில் எவ்வளவு கிடக்கிறது, போட்டிக்காரர்கள் யார் கையை நனைத்துச் சரக்கை முதலில் தூக்குகிறார்கள், அங்கே போவதை விட்டுவிட்டுத் தெற்கே பாண்டியன் கையில் இருக்கும் பக்காரே துறைக்குக் கப்பலை அனுப்பினால் கட்டுமா என்றெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் தெரிந்துகொண்டு வர நான்.

பாப்பிரஸ் சுருளை எவனாவது எடுத்துப் படிப்பான். உடைந்த சாடிச் சில்லைக் குப்பை என்று தாண்டிப் போவான். மது வியாபாரியிடம் சில்லுக்கா பஞ்சம்?

எபீஃபி 17, பெரெனிகே

இவ்வளவு சாடிகளைப் போகவிடவும் என்று எழுதிய அனுமதிச் சீட்டைச் சுங்கத்தில் நீட்டினேன் (அதுவும் ஓட்டுச் சில்லுதான்). என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை, சாடிகளைத்தான் பார்த்தார்கள். சக்கரவர்த்தியை எங்கள் ஊரில் கருவாட்டு வியாபாரி என்று கேலி செய்வோம், அவர் ஆட்களுக்கும் கண் சரக்கின் மேலேயே இருக்கிறது.

கப்பலில் என் மதுவைவிடப் பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, ஈயம், அப்புறம் பெட்டி பெட்டியாகக் காசுதான் அதிகம். கடற்கொள்ளைக்காரர்களுக்காக வில்லாளிகள் ஏறியிருக்கிறார்கள். இப்போதே என் சாடிகளை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

மெசோரி 20, ஒகேலிஸ்

செங்கடல் வாயில் தண்ணீர் ஏற்றியாயிற்று. தென்மேற்குக் காற்று பிடித்தால் 40 நாளில் முசிறி என்கிறார்கள். வாந்தி.

6-ஆம் ஆண்டு, பாவோஃபி 2, முசிறி

ஆண்டு மாறியது நடுக்கடலில், யாரும் கவனிக்கவில்லை.

கப்பல் கரையிலிருந்து ரொம்பத் தள்ளி நிற்கிறது. எல்லாவற்றையும் சின்னத் தோணிகளில் இறக்கி ஆற்றுக்குள் கொண்டுபோக வேண்டும். பொற்காசுப் பெட்டி தோணியில் ஆடியபோது கப்பல் ஓட்டும் மீகாமன் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்திலேயே நித்ரியா என்ற இடத்தில் கொள்ளைக்காரர்கள் வேறு. முசிறிக்கு எதிராக எழுத இரண்டு விஷயம் முதல் நாளே கிடைத்துவிட்டது.

பாவோஃபி 15

மிளகு வீடுகளில்தான் இருக்கிறது. பண்டசாலை எங்கே என்று நாலு நாள் தேடியது வெட்டி வேலை, ஒவ்வொரு வீட்டிலும் மூட்டைகளைச் சுவர் போல அடுக்கியிருக்கிறார்கள். தோணியில் மீனைக் கொண்டுவந்து நெல்லாக மாற்றுகிறார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூட்டைகள் கரைக்கு வருகின்றன, எங்கள் பொன் உள்ளே போகிறது. அளவு போட உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது.

மது போகவில்லை, இது பெரிய தொல்லை. இங்கே கள் இருக்கிறது, மலிவாக, நன்றாகவும் இருக்கிறது. எங்கள் தேறல் அரசனுக்கும் அவனைச் சுற்றியுள்ளவர்களுக்கும்தான், அவர்களும் இத்தாலிய மது இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள். கோஸ் தீவு மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கப்பலில் தண்ணீர் புகுந்துவிட்டதா, யவனரே?" என்று கேட்டார். சரக்கு போகாமலும் முகம் வாடாமல் இருக்கும் வியாபாரியை யாருக்கும் சந்தேகம் வரும்.

அதூர் 4

சேரர்களில் முன்னொருவன் வன்சொல் பேசிய யவனர்களைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றினானாம். சோழன் ஒருவன் உறையூரில் ஒரு புலவனையே ஒற்றன் என்று கொல்லப் போனானாம், இன்னொரு புலவர் நடுவில் போய்ப் பேசித்தான் உயிர் பிழைத்ததாம். இதையெல்லாம் என்னிடம் சொன்னது துறையில் கணக்கெழுதும் ஆள். கப்பல்காரர்களிடம் பழகி எங்கள் மொழியை ஓரளவு பேசுவான். ஏன் என்னிடம் சொன்னான்?

சாயங்காலம் கரையில் ஒரு பாணன் யாழோடு பாடினான். யவனர் கப்பல் பொன்னோடு வரும், மிளகோடு போகும் என்று பொருளாம். இதை அறியத்தான் ஒரு பெரிய மனிதர் பணத்தைக் கொட்டி என்னை அனுப்பியிருக்கிறார், இங்கே ஊரே கூடித் தலையாட்டிக் கேட்கிறது.

அதூர் 21

பக்காரே போய் வந்தேன், சரக்கை மாற்றிப் பார்க்கிறேன் என்று சாக்கு. மிளகு ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளில் நேராகத் துறைக்கு வருகிறது. மேலே நெல்கிண்டா ஊர் வரை ஆற்றில் மணல்திட்டு அதிகம், ஆகவே கப்பல் கீழே வந்துதான் முழுச் சரக்கையும் ஏற்ற வேண்டும். அரசன் தூரத்தில், மதுரையில். கொள்ளைக்காரர் பயம் குறைவு. என்னைக் கேட்டால் பக்காரேதான்.

கோயாக் 9

மீகாமன் என் இத்தாலிய மதுவை, அதுவும் ஓசியில், வயிறு முட்டக் குடித்துவிட்டு ரோமில் மிளகு என்ன விலை என்று கணக்கனிடம் உளறியிருக்கிறான். கருமிளகு ராத்தல் 4 தெனாரி வெள்ளிக்காசு, வெள்ளை 7, திப்பிலி 15. அலெக்சாந்திரியாவில் கால் பங்கு வரி என்பதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், அதைச் சொல்லவில்லை. விடிந்ததும் மூட்டை விலை ஏறிவிட்டது. வாயைப் பிடுங்க நான் கொண்டுவந்த சரக்கு, பிடுங்கப்பட்டது எங்கள் வாய்.

கோயாக் 24

ஏற்றி முடிந்தது. காற்று திரும்பிவிட்டது, துபி மாதம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும். மிச்ச மதுவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

கணக்கன் வழியனுப்ப வந்தான். அடுத்த தடவை மதுவைக் குறைத்துப் பவளம் கொண்டுவாருங்கள் என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தாமலே, அடுத்த ஆண்டு எத்தனை கப்பல் வரும், யார் எவ்வளவு பொன் போட்டிருக்கிறார்கள் என்று பெரெனிகேயில் விசாரித்து வந்து சொன்னால் தனியாக மிளகு தருகிறேன், சுங்கம் இல்லாமல், என்றான். எத்தனை மூட்டை என்று கேட்டேன். ஒன்று என்றான். மூன்று கேட்டிருக்கிறேன், இரண்டுக்குப் படியும்.